சுக்கான் கிளாண்ட் ஒழுகுகிறதா? இறுக்கும் முன் ஆட்டிப் பாருங்கள்

உவரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, போன வருடம் 32 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழசாக வாங்கினேன். உள்ளே வைத்த டீசல் எஞ்சின். கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டம் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருக்கிறேன். சுக்கான் தண்டு படகுக்குள் ஏறி வருகிற இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது. தண்டைச் சுற்றிக் கயிறு வைத்துத் தண்ணீரை அடைக்கிற கிளாண்டின் நட்டை இறுக்கினால் இரண்டு நாள் நிற்கும், அப்புறம் பழையபடிதான். இப்போது சுக்கானைத் திருப்பவும் கஷ்டமாக இருக்கிறது. கயிறு மாற்றினால் போதுமா, முழுசாகக் கழற்றணுமா?”

தம்பி, இனிமேல் அந்த நட்டைத் தொடாதீர்கள். நீங்கள் இறுக்க இறுக்கத் தண்டுதான் தேய்கிறது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். புரொப்பல்லரைச் சுற்றுகிற எஞ்சின் ஷாஃப்ட்டின் கிளாண்டில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழலாம். ஷாஃப்ட் ஓயாமல் சுற்றுவதால் உள்ளே இருக்கும் கயிறு கருகாமலிருக்க அந்த ஈரம் வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் சுக்கானிலும் சொட்டினால் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சுக்கான் தண்டு சுற்றுவதில்லை. இந்தப் பக்கம் 35 டிகிரி, அந்தப் பக்கம் 35 டிகிரி திரும்புவதோடு சரி. அங்கே சூடு கிடையாது. அதனால் ஒரு சொட்டும் விழக்கூடாது.

இறுக்கிய பிறகும் ஒழுகுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கயிற்றில் இல்லை, தண்டைப் பிடித்திருக்கும் புஷ்ஷில் இருக்கிறது. புஷ் தேய்ந்தால் தண்டு பக்கவாட்டில் ஆடும். ஆடுகிற தண்டு கயிற்றை இடித்து இடித்து, வட்டமாக இருந்த துளையை முட்டை வடிவமாக்கிவிடும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் ஏறுகிறது.

நம் கரையில் இது சீக்கிரம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கழற்றிய பழைய கயிற்றை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து வெயிலில் பாருங்கள். கறுத்த கிரீஸுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாக மின்னும். அது கார்னெட், நம் கடற்கரைத் தாது மணலில் இருப்பது. தொழிற்சாலையில் இரும்பைத் தீட்டவும் தண்ணீர் பீய்ச்சி உலோகம் வெட்டவும் பயன்படுத்துகிற அதே கல். ஸ்டெயின்லெஸ் தண்டைவிடக் கடினம். ஆழமில்லாத இடத்தில் எஞ்சின் ஓடும்போது புரொப்பல்லர் மணலைக் கிளப்பி நேராகச் சுக்கான்மேல் அடிக்கும். அது புஷ் வழியாக ஏறிக் கயிற்றில் பதிந்துகொண்டால், உப்புத்தாளைச் சுற்றி வைத்துத் திருகுகிற மாதிரிதான்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது படகைக் கரையேற்றினால்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதானது. ஆனால் இப்போதே ஒழுகுவதால் அதுவரை தள்ளிப் போடாதீர்கள். ஒருவர் உள்ளே கிளாண்ட் பக்கத்தில் தண்டின்மேல் விரலை வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே சுக்கான் பலகையின் கீழ்முனையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று விரலுக்குத் தெரிந்தால் புஷ் போய்விட்டது. 40 மில்லிமீட்டர் தண்டுக்குப் புது கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இடைவெளியை அளக்கிற கேஜ் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் நான் யோசிக்காமல் மாற்றச் சொல்வேன். ஆட்டமே இல்லையென்றால் கயிறு மாற்றினால் போதும்.

உங்களுடையதில் ஆட்டம் இருக்கும் என்றே நினைக்கிறேன். சுக்கானுக்கு அடியில் மணலைப் பள்ளம் தோண்டித் தண்டைக் கீழே இறக்குங்கள். கயிறு இருந்த இடத்தில் நகத்தால் மேலிருந்து கீழே கீறிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் பள்ளம் விழுந்திருக்கிறது. லேசான பள்ளத்தை லேத்தில் மெருகேற்றலாம். ஆழமாக இருந்தால் அதே ரக உலோகத்தால் வெல்டிங் நிரப்பிக் கடைய வேண்டும். வெல்டிங் சூட்டில் தண்டு வளையும், ஆகவே பட்டறையைவிட்டு எடுக்கும் முன் வளைவை அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரையேற்றி ஒரு நாள் கழித்தும் பலகையிலிருந்து துருநிறத் தண்ணீர் கசிந்தால் உள்ளே வெல்டிங் அரிக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் புஷ் மாற்றி மட்டும் பயனில்லை, பலகையைத் திறக்கத்தான் வேண்டும்.

புஷ்ஷுக்கு மலிவாக நைலான் போட்டுத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதித் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கன்மெட்டலோ, டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கோ போடுங்கள்.

கயிறு எந்த அளவு என்பதற்குச் சின்னக் கணக்கு: கிளாண்டின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். உள்விட்டம் 56, தண்டு 40 என்றால் 8 மில்லிமீட்டர் கயிறு. டெஃப்லான் கயிறு வாங்குங்கள். கிராஃபைட் கயிறு உப்புத்தண்ணீரோடு சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் குழி விழும். பழைய வளையங்களில் ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள். தண்டின் அளவுள்ள குழாயில் கயிற்றைச் சுற்றிச் சாய்வாக வெட்டி, கிரீஸ் பூசி, ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்ததன் இணைப்புக்கு நேராக வராதபடி மூன்று வளையம் போடுங்கள். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுக்கானைத் திருப்பிப் பாருங்கள். திருப்ப இரண்டு கை வேண்டியிருந்தால் அதிகமாகிவிட்டது.

புது புஷ்ஷும் ஒரே வருடத்தில் தேய்ந்தால் புரொப்பல்லர் வளைந்திருக்கிறதா, ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அதிர்வு முழுவதையும் சுக்கான்தான் வாங்குகிறது.

கரையேற்றும் வரை நட்டை இறுக்காமல், கிரீஸ் நிப்பிள் இருந்தால் தண்ணீரில் கரையாத கிரீஸை ஏற்றுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) பலமாக வீசும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம். தண்டைத் தாங்கும் காலர் கழன்றால் சுக்கான் கீழே விழுந்து துளை திறந்துவிடும். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே 10 மில்லிமீட்டர் துளையிலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர் உள்ளே வரும். உங்கள் துளை 40 மில்லிமீட்டர், அதில் 16 மடங்கு வரும். அதற்குப் பொருந்துகிற மர ஆப்பு ஒன்றைச் செய்து, கிளாண்ட் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

வேலை முடித்துப் படகை இறக்கியதும் கிளாண்டுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு, கட்டின இடத்திலேயே ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் தொழிலுக்குப் போகலாம்.