சுவரில் நிற்கும் நிறம்: கேள்வி பதில்

சுண்ணாம்பும் நிறப்பொருளும் என் துறை. பழைய ஓவியங்களைப் பற்றி வேலூர் வட்டார அன்பர்கள் கேட்டவற்றுக்கு அந்த எல்லைக்குள் நின்று விடையளிக்கிறேன்.

ஆம்பூர் அன்பர்: மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் மூலிகைச் சாற்றால் தீட்டப்பட்டவையா?

இந்த ‘மூலிகை ஓவியம்’ என்ற சொல்லை யார் கிளப்பிவிட்டார்களோ, சித்தன்னவாசல் வரை அது ஒட்டிக்கொண்டது. சித்தன்னவாசல், தஞ்சாவூர்ச் சுவர்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்தார். அவர் ஆய்வின்படி, சுவரில் நிற்கும் நிறங்கள் காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி, சுண்ணாம்பு போன்றவையே. ஆரத்திக்குக் கரைத்த மஞ்சளில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகிறது? சிவந்துவிடுகிறது. இலைச்சாறும் பூச்சாறும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காமல் நிறம் மாறும். தப்பியதையும் வெளிச்சம் வெளுக்கச் செய்யும். காவியோ இரும்பின் துரு. ஏற்கெனவே துருப்பிடித்ததைச் சுண்ணாம்பு மேலும் என்ன செய்துவிடும்? ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடியும் கல்லாகும்போது, காவித் துகள்களையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது.

குகைக்குச் செல்வோர் நிறம் தெளிவாகத் தெரிவதற்காக ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். உலரும் நீர் உப்பை மேலே கொண்டுவந்து பூச்சை உதிர்க்கும்.

பேரணாம்பட்டு, ஓய்வுபெற்ற தோல் தொழிலாளர்: ஆவாரம்பட்டைச் சாறு தோலில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறதே ஐயா, சுவரில் மட்டும் ஏன் நிற்காது?

நல்ல மறுப்பு. தோலில் புரதம் உண்டு. பட்டையின் துவர்ப்புப் பொருள் அதைப் பற்றிக்கொள்கிறது. சுவரில் அப்படிப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. மேலும் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சுண்ணாம்பு போகும்வரை அலசிய பிறகுதானே பட்டைச் சாற்றில் இடுவீர்கள்? சுண்ணாம்பு மிஞ்சினால் தோல் கறுப்பது உங்களுக்குத் தெரியாததன்று. உங்கள் தொழிலே என் சாட்சி.

அதே அன்பர், மீண்டும்: அப்படியானால் கேரளச் சுவரோவியங்களில் அவுரி நீலம் இருப்பது எப்படி?

ஒப்புக்கொள்கிறேன், அவுரி விதிவிலக்கு. அது நீரில் கரையாத துகளாகிவிடுவதால் சாறுகளைப் போல மாறுவதில்லை. அங்கே உலர்ந்த சுவரில் பசை சேர்த்துத் தீட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்க் கட்டடக்காரர்கள் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்ததும் உண்மை. அவை சாந்துக்காகச் சேர்த்தவை, நிறத்துக்காக அல்ல. மூலிகைக் கதைக்கு இவைதாம் வித்தாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன்.

காட்பாடி மாணவி: காவியின் வயதைக் கரிமக் கணிப்பால் அறியலாமா?

காவியில் கரிமம் இல்லை. கரிக்கோடு இருந்தால் முயலலாம். அதற்கும் ஓவியத்தைச் சற்றே சுரண்ட வேண்டும்.

ஆற்காடு அன்பர்: வீட்டிலுள்ள தஞ்சாவூர்ப் படத்தில் தங்கத் தாள் உரிகிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவைக் கேளுங்கள். அதுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

குடியாத்தம் அன்பர்: அந்தக் கால மூலிகை வண்ணத்தின் செய்முறை என்ன?

முதல் விடையைப் படிக்கவும்.

திருப்பத்தூர் அன்பர்: மங்கிய ஓவியத்தைப் படம் எடுக்கச் சிறிது தண்ணீர் தெளிக்கலாமா?

கூடாது, எத்தனை பேர் கேட்டாலும் கூடாது. இயல்பான வெளிச்சத்தில் படம் எடுத்து, கணினியில் நிற வேறுபாட்டைக் கூட்டினால், கண்ணுக்குத் தெரியாத கோடும் தெரியும்.