சித்தப்பாவின் பத்திரமும் ஐரோப்பா டூரும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். கோவையில் நான்கு வருடம் ஐடி வேலை பார்த்தேன். அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் மாஸ்டர்ஸ் சேரப் போகிறேன். கல்விக் கடன் 20 லட்சம், வட்டி 10.5 சதவீதம். சித்தப்பா தன் வீட்டுப் பத்திரத்தை அடமானமாகக் கொடுத்ததால்தான் கடனே கிடைத்தது. அப்பா அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் மட்டும்தான். இருவரும் விமானம் ஏறியதே இல்லை. அப்பாவுக்கு சுவிஸ் மலை ரயிலில் போக ஆசை. படிப்பு தொடங்கும் முன் 12 நாள் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று கூட்டிப்போக நினைக்கிறேன். இப்போது சித்தப்பாவும் சித்தியும் வருகிறேன் என்கிறார்கள், என் செலவில். ஆளுக்கு 2.4 லட்சம், ஐந்து பேருக்கு 12 லட்சம். கையில் 7 லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்தை ஒரு டிராவல் ஆப் ‘பிறகு கட்டலாம்’ திட்டத்தில் மாதம் 1.33 சதவீத வட்டிக்கு, 24 மாதத் தவணையில் தருகிறது. அங்கே பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டிவிடலாமா? கிரெடிட் கார்டில் 70,000 பாக்கியும் இருக்கிறது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வைத்த மொய்யும், அவருக்கு வாங்கிக் கொடுத்த போனும்.

பதில்: பட்ஜெட் போடுங்கள், சேமியுங்கள் என்று நான்கு வருடத்தில் 7 லட்சம் சேர்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் ஆசையையும் நான் தடுக்கப் போவதில்லை. பிரிந்து போவதற்கு முன் அவர்களோடு சில நாள் இருக்க நினைப்பது நல்ல செலவு. என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான். மொய், போன், இப்போது டூர். சித்தப்பா கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்த நன்றியைக் கடன் வாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் செய்தது பெரிய உதவிதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பத்திரம் எப்படி ஆபத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கல்விக் கடனைக் கட்டத் தடுமாறினால்தான் விழும். உங்களைத் தடுமாற வைப்பது என்ன? இது மாதிரி மேலே மேலே ஏறும் சின்னக் கடன்கள்தான். அவரை டூர் கூட்டிப்போக வாங்கும் 5 லட்சம் அவர் வீட்டுக்கே எதிராகப் போய் நிற்கும்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 1.33 என்றால் வருடத்துக்கு 16 சதவீதம். விளம்பரத்தில் சின்ன எண்ணைப் போடுவது ஏன் என்று இனியாவது நாம் கேட்க வேண்டும். 5 லட்சத்துக்கு 24 மாதம், தவணை சுமார் 24,500 ரூபாய். மொத்தம் 5.87 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் தவணை மாதம் 233 யூரோ. ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி இப்போது மணிக்கு 13.90 யூரோ, அதாவது மாதம் 17 மணி நேர வேலை. முடியும் போலத்தான் தெரியும். ஆனால் வேலை எப்போது கிடைக்கும்? மொழி தட்டுத்தடுமாறிப் பேசும் முதல் சில மாதங்களில் கிடைக்காமலே போகலாம். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

மாணவர் விசாவுக்காக முதல் வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் இருக்கிறதே என்று நினைக்கலாம். அதில் வருடத்துக்கு 11,904 யூரோ, தோராயமாக 12.5 லட்சம் போட்டாலும் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். வாடகை, சாப்பாடு, சுமார் 150 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். கடனில் இந்த 12.5 லட்சம் மட்டும் விடுவிக்கப்பட்டாலே மாதம் கிட்டத்தட்ட 11,000 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் இன்னொரு தவணையா?

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அங்கே அறைக்கு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்க சட்டம் இடம் தருகிறது. 400 யூரோ அறை என்றால் 1,200 யூரோ. முதல் மாதத்திலேயே வேண்டும், 992 யூரோவில் இருந்து எடுக்க முடியாது. உங்கள் 7 லட்சத்தின் முதல் வேலை இதுதான், டூர் இல்லை.

அதனால் கார்டு பாக்கி 70,000 ரூபாயை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். மிச்சம் 6.3 லட்சம். முன்பணத்துக்கு 1.26 லட்சம், செமஸ்டர் கட்டணம், பாத்திரம் பண்டம், குளிர்காலத் துணி என்று 1.05 லட்சம், அவசரமாக ஊருக்கு வர 1.2 லட்சம். மூன்றும் சேர்ந்து 3.5 லட்சம். டூருக்கு மிஞ்சுவது 2.8 லட்சம்.

2.8 லட்சத்தில் என்ன முடியும்? நீங்கள் எப்படியும் பறக்கப் போகிறீர்கள். உங்கள் டிக்கெட் படிப்புச் செலவு. அப்பா அம்மாவுக்கு மட்டும் போக வர ஆளுக்கு 65,000 என்றால் 1.3 லட்சம். ஜெர்மனி உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஆளுக்கு 90 யூரோ. சர்வீஸ் சார்ஜும் 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடும் சேர்த்து இருவருக்கும் 30,000 ரூபாய் ஒதுக்குங்கள். மூவருக்கு ஒரே அறை இரவுக்கு 90 யூரோ, சாப்பாடு, ரயில் எல்லாம் நாளுக்கு 100 யூரோ. எட்டு நாள் என்றால் டிக்கெட், விசாவோடு சேர்த்து 3.2 லட்சம் ஆகிவிடுகிறது. ஆறு நாளாக்கினால் 2.8 லட்சத்துக்குள் வந்துவிடும். ஆறே நாள் போதும். தோட்டத்தையும் நினையுங்கள்: 12 நாள் டூரோடு பயண நாளையும் சேர்த்தால் ஒரு பறிப்புச் சுற்றே கைவிட்டுப் போய், கொழுந்து முற்றிவிடும்.

பாரிஸும் ரோமும் இந்த முறை வேண்டாம். பானிலேயே தங்குங்கள். அப்பாவின் மலை ரயில் ஆசைக்கு சுவிட்சர்லாந்துதான் போக வேண்டும் என்றில்லை. பானுக்குப் பக்கத்தில், ரைன் நதியின் மறுகரையில் கோனிக்ஸ்வின்டரிலிருந்து டிராஹென்ஃபெல்ஸ் மலைக்கு 1883-லிருந்து ஒரு பல்சக்கர ரயில் ஓடுகிறது. குன்னூருக்கு நம் நீலகிரி மலை ரயில் வந்தது 1899-ல். நம்முடைய பழைய நீராவி என்ஜின்களே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை. அப்பாவுக்கு இது ஒருவேளை தெரிந்தே இருக்கும். ரைனில் படகு, ஒரு நாள் கொலோன் பேராலயம். லேண்டர் டிக்கெட் என்று பான் இருக்கும் மாநிலம் முழுக்க உள்ளூர் ரயில்களில் ஒரு நாள் சுற்ற ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் டிக்கெட் உண்டு. பேக்கேஜ் பஸ்ஸில் இறக்கி ஏற்றி விரட்டுவதைவிட வயதானவர்களுக்கு இது நிம்மதி. தவிர, பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்று வருமான வரிக்கான ஒரு தொகையும் முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

இனி சித்தப்பா. இதை அப்பா மூலம் சொல்ல வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வரும். நீங்களே அவர் வீட்டுக்குப் போய், சித்தி இருக்கும்போது சொல்லுங்கள்: “சித்தப்பா, உங்க பத்திரம் பேங்க்ல இருக்கு. அது வெளிய வர்ற வரைக்கும் நான் வேற எந்தக் கடனும் வாங்க மாட்டேன். உங்க வீட்டுக்காகத்தான் சொல்றேன்.” கோபம் வந்தால் வரட்டும், கொஞ்ச நாளில் ஆறும். ‘எங்கள் செலவில் வருகிறோம்’ என்றால் தாராளமாக வரட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பத்திரம் கொடுத்தவருக்குப் போனைவிட அதுதான் தேவை.

அப்பா அம்மாவின் விசாவுக்கு ஜூன் மாதமே விண்ணப்பியுங்கள். சாதாரணமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். மறுத்தால் கட்டணம் திரும்பாது. அதனால் விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத எதையும் புக் செய்யாதீர்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்: பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், அவர் திரும்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.