அணுக்கழிவுக்கு இடம்: ஊரைக் கேட்பது எப்படி?

கேள்வி: அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைப் புதைக்க இடம் தேடுபவர்கள் முதலில் பாறையைப் பார்க்க வேண்டுமா, ஊர் சம்மதத்தையா? (எம்.ஆர்., சேலம்)

பதில்: ஸ்வீடன் இரண்டையும் செய்து பார்த்த நாடு. 1980களில் பாறை நன்றாக இருக்கிறதென்று துளையிடும் எந்திரத்தை நேரே இறக்கினார்கள். மக்கள் வழிமறித்து உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்து தூக்கியது. அதன்பின் 1992-இல் அந்நாட்டின் அணுக்கழிவைக் கையாளும் எஸ்.கே.பி. நிறுவனம் நாட்டின் எல்லா நகராட்சிகளுக்கும் கடிதம் எழுதி, முதல்கட்ட ஆய்வுக்கு யார் தயார் என்று கேட்டது. வடக்கே ஸ்டூருமன், மாலோ என்ற இரண்டு சிற்றூர்கள் முன்வந்தன. ஆய்வு முடிந்ததும் வாக்கெடுப்பு. 1995-இல் ஸ்டூருமனில் சுமார் 71% பேரும், 1997-இல் மாலோவில் சுமார் 54% பேரும் வேண்டாம் என்றார்கள். நிறுவனம் இரண்டு ஊரையும் விட்டு வெளியேறியது.

தோல்வி போலத் தெரியும். என் கணக்கில் அதுதான் திருப்புமுனை. ‘வேண்டாம்’ என்றால் போய்விடுவார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற ஊர்கள் ஆய்வுக்குத் துணிந்து கதவைத் திறந்தன. ஏற்கெனவே அணு உலை உள்ள ஆஸ்கர்ஷாம், ஓஸ்தாமர் இரண்டிலும் 2002 முதல் ஆழமாகத் துளையிட்டு ஆராய்ந்தார்கள். 2009-இல் ஓஸ்தாமரின் ஃபோர்ஸ்மார்க் தேர்வானது. அங்கே 500 மீட்டர் ஆழத்தில் பாறையில் விரிசல் குறைவு, நீரோட்டமும் குறைவு. ஆக, சம்மதம் இருந்த இடங்களுக்குள்தான் பாறை தீர்ப்புச் சொன்னது.

கேள்வி: பாமர மக்களுக்கு இதெல்லாம் புரியுமா? நிபுணர்களிடமே விட்டுவிடலாமே? (வி.எல்., தஞ்சாவூர்)

பதில்: நிபுணர்களே ஒத்துப்போகாதபோது யாரிடம் விடுவது? ஃபோர்ஸ்மார்க்கில் அதுதான் நடந்தது. எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டில் அடுக்கி, 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புக் குடுவைக்குள் வைத்து மூடி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் அடைப்பது அவர்கள் முறை. நீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் செம்பு அரிக்காது என்றது நிறுவனம். அரிக்கும் என்றார்கள் சில ஆய்வாளர்கள். 2018 ஜனவரியில் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் திட்டத்துக்கு ஆதரவு சொன்ன அதே நாளில், சுற்றுச்சூழல் நீதிமன்றம் செப்புக் குடுவை பற்றி இன்னும் ஆதாரம் வேண்டும் என்றது. ஓஸ்தாமரில் அந்த ஆண்டு நடக்கவிருந்த வாக்கெடுப்பையே கைவிட்டார்கள். கூடுதல் ஆய்வுகள் வந்தபின், 2020-இல் நகராட்சி மன்றம் பெரும்பான்மையோடு ஆதரித்தது. அரசின் அனுமதி 2022 ஜனவரியில்.

இத்தனை ஆண்டும் ஊர்க்காரர்கள் கைகட்டி உட்காரவில்லை. மின்நிலையங்கள் பணம் செலுத்தும் அணுக்கழிவு நிதியிலிருந்து நகராட்சிக்கு ஒரு தொகை வரும். அதைக்கொண்டு தங்கள் சொந்த நிபுணர்களை அமர்த்தி, நிறுவனத்தின் அறிக்கையை வரிக்கு வரி குடைந்தார்கள். 2005 முதல் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் அந்த நிதியில் பங்கு கிடைத்தது. எதிர்ப்பவனுக்கும் படிப்பதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஊருக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பது லஞ்சம்தானே? (ஆர்.பி., கோவை)

பதில்: எப்போது, எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆராய்வதற்கான பணம் முடிவுக்கு முன்னால் வர வேண்டும், பதில் எதுவானாலும் திருப்பிக் கேட்கக் கூடாது. வளர்ச்சிப் பணம் வேறு. அதை ‘சரி’ என்ற பதிலோடு முடிச்சுப் போட்டால் நாற்றமடிக்கும். ஸ்வீடனில் 2009-இல் இடம் அறிவிக்கப்படும் முன்பே ஒப்பந்தம் போட்டார்கள்: வளர்ச்சிப் பணத்தில் தேர்வாகாத ஊருக்கு 75%, தேர்வாகும் ஊருக்கு 25%. கழிவு வராத ஊருக்குப் பெரும்பங்கு! தேர்வான ஊருக்கு வேலையும் முதலீடும் தானாக வரும் என்பது கணக்கு.

கேள்வி: பக்கத்து ஊர் மறுத்தால்? (எஸ்.ஏ., மதுரை)

பதில்: ‘ஊர்’ என்றால் எதுவரை என்று முதலிலேயே எல்லை கட்டாவிட்டால் கடைசியில் எல்லாம் கவிழும். இங்கிலாந்தில் 2013 ஜனவரி 30 அன்று கோப்லாண்ட், அலர்டேல் என்ற இரண்டு உள்ளூர் மன்றங்களும் புதைகுழிக்கு இடம் தேடும் ஆய்வைத் தொடரலாம் என்றன. அதே நாளில் அவற்றுக்கு மேலுள்ள, நம் மாவட்டம் போன்ற கம்ப்ரியா கவுன்டியின் மன்றம் 7க்கு 3 என்று மறுத்தது. அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

கேள்வி: கூடங்குளத்துக்கு 2019-இல் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டம் இந்த வகையா? (கே.எஸ்., வள்ளியூர்)

பதில்: இல்லை. அந்தக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பேசப்பட்ட திட்டமும் உலைக்கு வெளியே எரிபொருளைத் தற்காலிகமாக வைக்கும் கிடங்குதான், நிரந்தரப் புதைகுழி அல்ல. 2006 சுற்றுச்சூழல் விதிப்படி அத்தகைய கூட்டத்தில் ஓட்டெடுப்பு இல்லை, இத்தனை பேர் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கருத்துகள் பதிவாகும், அவ்வளவே. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். எழுத்திலும் கருத்து தரலாம். தந்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடியும்போது பதிவானதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் பேசியது அதில் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.