வெற்றுப் பக்கத்தில் முதலில் எதை வைப்பது?

டிஜிட்டல் ஸ்கிராப்புக் (படங்களையும் நினைவுப் பொருட்களையும் திரையில் அடுக்கிச் செய்யும் ஆல்பம்), ஆர்ட் ஜர்னல் (படமும் எழுத்துமான நாட்குறிப்பு) பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

காரிமங்கலம் வாசகி: பிண்டரெஸ்டில் மணிக்கணக்கில் பார்க்கிறேன். எல்லாமே அழகு. ஆனால் ஆப்பைத் திறந்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் கை ஓடவில்லை. ஐடியாவை எங்கிருந்துதான் பிடிப்பது?

பார்த்தது அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். நூறு பக்கம் பார்த்தபின் மனசில் தங்குவது யாரோ வைத்த மேப்பிள் இலையும் காபிக் கோப்பையும். உங்கள் வீட்டுத் திண்ணையில் புளி தட்டுகிற படத்தோடு அது ஒட்டவே ஒட்டாது. ‘கோடை விடுமுறை’ என்று தலைப்பில் தொடங்காமல், கைக்கு அகப்படும் ஒரு பொருளில் தொடங்குங்கள்.

ஒரு செந்தூரா மாம்பழம் போதும். காம்புப் பக்கம் சிவப்பு, கீழே போகப்போக மஞ்சளும் பச்சையும், பால் வழிந்து காய்ந்த இடத்தில் கறுத்த தடம். இதைக் காலை வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத வாசல் நிழலில் வைத்துப் படம் எடுங்கள். டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் சிவப்பு செத்துப்போகும். படத்தை ஜிம்ப் என்கிற இலவசப் பட எடிட்டரில் திறந்து ‘பிக்ஸலைஸ்’ ஃபில்டரைப் போட்டு, படத்தின் குறுக்கே எட்டுப் பத்துக் கட்டங்கள் மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு கட்டமும் அந்த இடத்தின் சராசரி நிறம். அதிலிருந்து ஐந்தை மட்டும் எடுங்கள். மங்கலான மஞ்சள்பச்சை பின்னணிக்கு, பால் தடத்தின் கறுப்பு எழுத்துக்கு. சிவப்பு, பக்கம் முழுவதற்கும் இரண்டே இடத்தில். சிவப்புதானே அழகு என்று பின்னணி முழுக்கப் பூசினால் படத்தில் இருக்கிற பழம் காணாமல் போகும்.

நிறம் கிடைத்தாயிற்று, எதை எங்கே வைப்பது? அதற்கும் வெளியூர் டெம்ப்ளேட் தேவையில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். வில்லோ வாளோ ஏந்திய வீரன் நடுவில் பெரிதாக நிற்பான். சில கற்களில் காலருகே கெண்டியும் சிமிழும் சின்னதாக இருக்கும். எழுத்து அவனை மறைக்காமல் மேலேயோ ஓரத்திலோ ஓடும். ஒரு பக்கத்துக்கு இதைவிடத் தெளிவான அமைப்பு கிடையாது. முக்கியப் படம் பக்க உயரத்தில் பாதிக்குச் சற்று அதிகம். அதன் அடியில் சின்னப் பொருட்கள் இரண்டு அல்லது மூன்று (பஸ் டிக்கெட், பட்டன், காய்ந்த இலை). மேலே நாலு வரி. அந்த நாலு வரியிலும் கல்லையே பின்பற்றலாம். யார், எந்த ஊர், என்ன நடந்தது என்பதுதான் கல்லில் இருக்கும். ‘இனிய நினைவுகள்’ என்று எந்த நடுகல்லிலும் வெட்டியதில்லை.

பென்னாகரம் வாசகர்: ஒகேனக்கல் போய்வந்த படங்கள் 140 இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் பக்கம் சந்தைக்கடை ஆகிறது.

ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய படம், இரண்டு சிறிய படம். மீதியில் பிடித்தவற்றை அடுத்த பக்கத்தில் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, இடைவெளி மாறாமல் அடுக்குங்கள். முகம் தெரியும் படத்தைத்தான் எல்லோரும் பொறுக்குவார்கள். பின்னணிக்கு உதவும் படத்தையும் கூடவே தேடுங்கள். பரிசலின் உட்புற மூங்கில் பின்னல் உங்கள் 140இல் எங்காவது இருக்கும். அதைப் பக்கம் முழுக்கப் பரப்பி, ஒபேசிட்டியை (படத்தின் அடர்த்தியை) 20 சதவீதத்துக்குக் குறைத்தால் காசில்லாமல் ஒரு டெக்ஸ்சர் பேப்பர் ரெடி. மேலிருந்து எடுத்த பரிசல் படத்தை வட்டமாகவே வெட்டுங்கள்.

அருவியின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். நுரை பெரும்பாலும் விவரமே இல்லாமல் வெளுத்துப் பதிவாகியிருக்கும், எழுத்து அதில் கரைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கரும்பாறைதான் எழுத வாகான இடம்.

ஓசூர் வாசகி: மார்கழியில் போட்ட கோலங்களை ஸ்கிராப்புக்கில் டிசைனாகச் சேர்க்க முடியுமா? படமாக வைத்தால் சிமெண்ட் தரையும் சேர்ந்து வருகிறது.

முடியும். ஆனால் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். தரை ஈரமாகக் கறுத்திருக்கையில், வெயில் வருமுன் எடுங்கள். ஈரம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிட்டால் பிறகு எந்த ஸ்லைடரை இழுத்தாலும் கறை நிற்கும். ஸ்டூல் மேல் ஏறி, ஃபோனைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்து எடுத்தால் புள்ளி வரிசை ஒரு பக்கம் குறுகிவிடும்.

பிறகு கறுப்புவெள்ளை ஆக்குங்கள். ‘லெவல்ஸ்’ (கறுப்பு, வெள்ளை அளவைத் திருத்தும் வசதி) திறந்து, கறுப்பு முனையைத் தரை முழுக்கக் கறுக்கும்வரை வலப்பக்கமும், வெள்ளை முனையை இழை பளிச்சென்று வரும்வரை இடப்பக்கமும் நகர்த்துங்கள். மிதமிஞ்சினால் மாவின் சொரசொரப்பு போய், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். சற்று முன்பே நிறுத்துங்கள். இதைப் பக்கத்தின் மேல் தனி லேயராக (அடுக்காக) வைத்து, அதன் பிளெண்ட் மோடை (அடியில் இருப்பதோடு கலக்கும் முறையை) ‘ஸ்க்ரீன்’ ஆக்கினால் கறுப்பு மறைந்து கோலம் மட்டும் நிற்கும். வெளிர் பின்னணியில் இது தெரியாது. அங்கே படத்தை ‘இன்வெர்ட்’ செய்து (கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி) ‘மல்டிப்ளை’ போட வேண்டும். ஃபோனில் இபிஸ் பெயிண்ட், கம்ப்யூட்டரில் ஃபோட்டோபீ, இரண்டிலும் இந்த வசதி உண்டு. தரையை நீக்கித் தனிக் கோலமாகச் சேமிப்பதானால் பிஎன்ஜி ஃபைலாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் நீக்கிய இடத்தில் வெள்ளைக் கட்டம் வந்து உட்காரும்.

ஒன்று மறக்க வேண்டாம்: கோலத்துக்கு ஷேடோ போடாதீர்கள். தரையோடு தரையாகக் கிடப்பதற்கு நிழல் ஏது? டிக்கெட், துண்டுக் காகிதத்துக்கு 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) பக்கத்தில் நிழல் 5 பிக்ஸல் தூரம் விழுந்தால் போதும். பட்டன், சிப்பி மாதிரித் தடித்தவற்றுக்கு 12 முதல் 15. கோணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பட்டனின் நிழல் இடப்பக்கமும் டிக்கெட்டின் நிழல் வலப்பக்கமும் விழுந்தால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

அரூர் வாசகர்: ஃபோட்டோஷாப்பில் ‘கொலுசு’ என்று அடித்தால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் கெட்டதா?

ஃபான்ட்டில் குறையில்லை. ப்ரிஃபரன்சஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்’ என்று இருக்கும். மூடித் திறந்து, புது ஃபைலில் அடியுங்கள். கைப்பட எழுதிய தோற்றத்துக்குக் கவிவனார், உருண்டு திரண்ட தலைப்புக்குப் பாலூ தம்பி. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பக்கத்துக்கு இரண்டு ஃபான்ட்டுக்கு மேல் வேண்டாம்.

பாலக்கோடு வாசகி: ஃபோனில் பளிச்சென்று இருந்த பக்கம், 12 இஞ்ச் ஆல்பமாகப் பிரிண்ட் போட்டதும் மங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த பெயரும் வெட்டுப்பட்டது.

பக்கத்தை இன்ஸ்டாகிராம் அளவில், அதாவது 1080 பிக்ஸலில் தொடங்கியிருப்பீர்கள். அதை 12 இஞ்சுக்கு இழுத்தால் இஞ்சுக்கு 90 பிக்ஸல்தான் தேறும். 300 வேண்டும். ஆகவே 12க்கு 12 பக்கம் என்றால் 3600க்கு 3600, 8க்கு 8 என்றால் 2400க்கு 2400 என்று ஆரம்பத்திலேயே திறக்க வேண்டும். முடித்தபின் பெரிதாக்குவதில் பயனில்லை. ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர், அதாவது சுமார் 35 பிக்ஸல், பின்னணியை மட்டும் நீட்டிவிடுங்கள். எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். திரையில் ஒளிரும் ராணி கலரும் கிளிப்பச்சையும் அச்சு மையில் அப்படியே வராது, அடங்கித்தான் வரும். ஆல்பம் முழுவதையும் கொடுக்குமுன், பக்கத்திலிருந்து 1200க்கு 1800 பிக்ஸல் துண்டு ஒன்றை, எழுத்தும் முகமும் வருகிற இடமாகப் பார்த்து வெட்டி, 4க்கு 6 பிரிண்ட் ஒன்று போட்டுப் பாருங்கள். ஆல்பத்தில் எழுத்து வரப்போகும் அதே அளவில் அது கைக்கு வரும்.