புதிய விவரத்தை நடுவில் செருகாதீர்கள்

ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தேயிலைக் கொழுந்து நிறுவைக்காக நான் பைத்தன் நிரல்மொழியில் எழுதிய லைப்ரரியை மூன்று நிலையங்களின் கணினிச் செயலிகள் பயன்படுத்துகின்றன. சாக்கின் எடையையும் கழிக்கும்படி கன்ஸ்ட்ரக்டரை (ஒவ்வொரு நிறுவைப் பதிவையும் உருவாக்கும் நிரல் பகுதியை) மாற்ற வேண்டும். பழைய செயலிகள் நின்றுவிடுமா?”

நின்றால் உடனே தெரிந்துவிடும். நிற்காமல் தவறாகக் கணக்கிடுவதே எனக்கு அச்சம். உங்கள் கன்ஸ்ட்ரக்டர் டிவிஷன் (தோட்டப் பிரிவு), எடை, கழிவுச் சதவீதம் என்ற வரிசையில் பெறுகிறது. கடைசி இரண்டுக்கும் நடுவே சாக்கின் எடையைச் செருகினால், 24 கிலோவுக்கு 10 சதவீதக் கழிவு என்று பழைய செயலி அனுப்பும் 10, சாக்கின் எடையாகிவிடும். கழிவுக்கு இயல்பு மதிப்பு (எதுவும் அனுப்பாதபோது கொள்ளப்படும் மதிப்பு) 0 என்றிருந்தால் பிழைச் செய்திகூட வராது, 21.6 கிலோ விழ வேண்டிய பெண்ணின் பெயருக்கு எதிரே 14 கிலோ விழும்.

ஆகவே பழைய மூன்றையும் தொடாமல், அவற்றுக்குப் பின் ஓர் உடுக்குறி (*) இட்டு, அதன் பின்னால் சாக்கின் எடையை 0 என்ற இயல்பு மதிப்புடன் வையுங்கள். உடுக்குறிக்குப் பின் உள்ளதைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும்; 2008இல் வந்த பைத்தன் 3.0 முதல் இவ்வசதி உண்டு.

ஒரு விடயத்தில் மட்டும் இது போதாது. ‘கழிவு’ என்ற பெயரை ‘ஈரக்கழிவு’ என்று மாற்ற நினைத்தால், பெயர் சொல்லி அழைத்த செயலிகள் உடையும். சில காலம் இரண்டு பெயர்களையும் ஏற்க வேண்டும். அப்போது பழைய பெயரின் இயல்பு மதிப்பு ‘நன்’ (None, அதாவது ‘மதிப்பு எதுவும் இல்லை’) ஆக இருக்கட்டும்; அது ‘நன்’ தானா என்றே சோதியுங்கள். வெறும் ‘இஃப்’ (if) போட்டால், வெயில் நாளில் வேண்டுமென்றே அனுப்பிய 0 கழிவும் “அனுப்பவில்லை” என்று கொள்ளப்படும். இரண்டு பெயர்களும் ஒன்றாக வந்தால் பிழை எழுப்புங்கள்.

எந்தப் பெயரில் வந்தாலும் விழுங்கும் இரட்டை உடுக்குறியை (**) நம்பாதீர்கள். எழுத்துப்பிழையுள்ள பெயரையும் அது சத்தமின்றி விழுங்கும். “முழுவதையும் புதிதாக எழுத வேண்டும்” என்று விலை சொல்லும் தரகர்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள்; இது சில வரி வேலை. மூல நிரலைத் தராமல் செயலியை மட்டும் விற்றுப் போனவர்களால் தோட்டங்கள் பட்டது போதும்.

பழைய பெயர் பின்னர் நீக்கப்படும் என்று சொல்லும் கைவிடல் எச்சரிக்கைகளைப் பைத்தன் பெரும்பாலும் மறைத்தே வைக்கிறது. பார்க்க வேண்டியவர் கண்ணில் படாத எச்சரிக்கையால் என்ன பயன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கறுப்புக் கட்டளைத் திரையில்லாமல் திறக்கும் செயலியில் எந்த எச்சரிக்கையும் தெரியாது. ஆகவே அதைப் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். புதிய பதிப்பை முதலில் ஒரு நிலையத்துக்கு மட்டும் அனுப்பி, பழைய செயலியில் 24, 10 என்று இட்டு, 21.6 வருகிறதா என்று பாருங்கள்.