‘தீசிஸ் முடியட்டும்’ என்றால் எதுவரை?

கேள்வி: திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறார். கோவையில் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்த நான் அதை விட்டுவிட்டு, ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் பாஸ் செய்து, ஸ்பௌஸ் விசாவில் போன வருடம் இங்கே வந்தேன். ஒரே அறை, அதிலேயே ஓரமாக அடுப்பு. அவர் காலையில் போனால் வகுப்பு, அப்புறம் குடோனில் பார்ட் டைம் என்று ராத்திரிதான் வருவார். சமைத்து வைத்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை வாங்க 2 யூரோ கேட்டால்கூட, "போன வாரம் கொடுத்தது என்னாச்சு?" என்கிறார். அடிக்கவோ திட்டவோ மாட்டார், நல்லவர்தான். எதைக் கேட்டாலும் "தீசிஸ் முடியட்டும்" என்பார். மாமியார் தினமும் போனில் "சும்மாதானே இருக்கே?" என்கிறார். தீசிஸ் முடிய இன்னும் 8 மாதம் ஆகும். அதுவரை ஊருக்குப் போய் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமா?
– மாக்டபர்க் வாசகி

பதில்: முதலில் டிக்கெட் விஷயம். கோபத்தில் புக் செய்துவிடப் போகிறீர்கள் என்ற பயத்தில் இதை முன்னால் சொல்கிறேன். ஜெர்மனிக்கு வெளியே 6 மாதத்துக்கு மேல் தங்கினால் உங்கள் ரெசிடென்ஸ் பெர்மிட் தானாகவே காலாவதியாகிவிடும், கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அவகாசம் வாங்கியிருந்தால் ஒழிய. நீங்கள் சொல்வது 8 மாதம். அனுமதி வாங்காமல் போனால் திரும்பவும் விசா விண்ணப்பம், திரும்பவும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பு என்று எல்லாம் முதலிலிருந்து. ஒரு மாதம் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அது நல்லதுதான். எட்டு மாதம் வேண்டாம்.

இன்னொன்று. தீசிஸ் முடிந்தால் எல்லாம் சரியாகும் என்கிறாரே, அதை நான் நம்பவில்லை. பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை, அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் அடுத்து என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை பெர்மிட் கொடுப்பார்கள். அப்போது "வேலை கிடைக்கட்டும்" என்பார். கிடைத்தால் பெரும்பாலும் 6 மாதம் ப்ரொபேஷன், "அது முடியட்டும்" என்பார். அதற்குள் ஊரிலிருந்து "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் வாழ்க்கையை அவருடைய தீசிஸோடு சேர்த்துக் கட்டினால் இந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது.

உங்களுக்குத் தெரியுமா தெரியவில்லை, வேலை விஷயத்தில் அந்த வீட்டில் அதிக உரிமை உள்ள ஆள் நீங்கள்தான். உங்கள் கணவர் மாணவர் என்பதால் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம் (2024 மார்ச்சுக்கு முன்னால் 120 நாளாகத்தான் இருந்தது). பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது, அவரை அதற்கும் முயற்சி செய்யச் சொல்லுங்கள், குடோனைவிட எவ்வளவோ மேல். ஆனால் துணையாக வந்த உங்களுக்கு இப்படி நாள் கணக்கே இல்லை. முழுநேர வேலைக்கே போகலாம். உங்கள் பெர்மிட் அட்டையை, அதோடு பச்சை நிறத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தால் அதையும், எடுத்துப் பாருங்கள். 'எர்வெர்ப்ஸ்டேட்டிஹ்கைட் எர்லாப்ட்' என்று இருந்தால் வேலை பார்க்க அனுமதி உண்டு. டிபென்டென்ட் விசா என்று நம்மவர்கள் சொல்லிச் சொல்லி, வந்தவர்களும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

சரி, என்ன வேலை? உடனே டெஸ்டிங் வேலை கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆங்கிலத்தை மட்டும் வைத்து மாக்டபர்க்கில் ஐ.டி. வேலை கிடைப்பது கஷ்டம், பெர்லினில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் இரண்டு காரியத்தை ஒன்றாக ஆரம்பியுங்கள். ஒன்று, சின்னதாக ஒரு மினிஜாப். 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாபில் மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கலாம், அதாவது வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேரம். பேக்கரி, ஹோட்டல் கிச்சன், கிளீனிங், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குவது என்று எதுவானாலும் சரி. பி.இ. படித்துவிட்டு இதைச் செய்வதா என்று ஊரில் யாராவது கேட்டால், பி.டெக். படித்த உங்கள் வீட்டுப் பிள்ளை குடோனில் பெட்டி தூக்குவது தெரியுமா என்று கேளுங்கள்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. உங்கள் கணவர் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் (டி.கே., ஏ.ஓ.கே. மாதிரி) இருந்தால் மனைவியையும் தனியாகப் பணம் கட்டாமல் குடும்பக் காப்பீட்டில் சேர்க்கலாம். மினிஜாப் வரம்புக்குள் சம்பாதிக்கும்வரை அது தொடரும். அதைத் தாண்டி வேலை கிடைத்தால் உங்கள் சம்பளத்திலிருந்தே உங்களுக்குக் காப்பீடு வந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. அவர் தனியார் காப்பீட்டில் இருந்தால் கதை வேறு, முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜெர்மன். ஏ1-ஐ வைத்துக்கொண்டு பால் வாங்கலாம், இன்டர்வியூவுக்குப் போக முடியாது. நகராட்சி நடத்தும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெ என்ற மக்கள் கல்விக்கூடத்தில் தனியார் வகுப்புகளைவிடக் குறைந்த செலவில் படிக்கலாம். குறைந்தது பி1 (இடைநிலை) வரை போங்கள். யூடியூப் பார்த்து வீட்டிலேயே படித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களுக்கு இலக்கணத்தைவிட முக்கியமாக வாரத்தில் சில நாள் பை எடுத்துக்கொண்டு போக ஒரு இடமும், பக்கத்தில் உட்கார சிரியாக்காரியோ உக்ரைன்காரியோ ஒருத்தியும் வேண்டும்.

இப்போது அந்த 2 யூரோ. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். அவர் கஞ்சர் என்று எடுத்த எடுப்பில் தோன்றும், ஆனால் அவர் பக்கத்தையும் பாருங்கள். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு உள்ள வங்கிக் கணக்கு) காட்டச் சொல்லும் தொகை 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. அது ஒரு ஆள் வாழப் போட்ட கணக்கு. நீங்கள் வரும்போது இன்னும் கொஞ்சம் காட்டியிருப்பார், அது கடன் வாங்கிய பணமாகக்கூட இருக்கலாம். ஊரில் கல்விக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதை உங்களிடம் சொல்லாமல் மனதிலேயே பெருக்கிக் கழித்துக்கொண்டிருப்பார். சர்க்கரைக்குக் கணக்குக் கேட்பது அந்தப் பயத்தில் வருவது. ஆனால் பயம் என்பதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு வருடமோ ஐந்து வருடமோ சொந்தச் சம்பளம் வாங்கியவரைச் சர்க்கரைக்குக் கை நீட்ட வைப்பது தப்பு, அதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள்.

சொல்லும்போது சண்டை நேரத்தில் சொல்லாதீர்கள். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிவிடுவார்களே, அவருக்கும் ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிறாகப் பார்த்து, வங்கிக் கணக்கைத் திறந்து முன்னால் வைக்கச் சொல்லுங்கள். வாடகை, கடன், காப்பீடு, சாப்பாடு என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மிஞ்சுவது சொற்பமாக இருந்தாலும் ஆளுக்குக் கொஞ்சம் கணக்குக் கேட்காத பணம் என்று ஒதுக்குங்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள், மினிஜாப் சம்பளம் அதில்தான் வர வேண்டும். பாஸ்போர்ட்டும் பெர்மிட் அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அந்தப் பட்டியலில் உங்கள் பயணச் செலவையும் எழுத மறக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு செமஸ்டர் கட்டணத்தோடு பாஸ் வந்துவிடுகிறது. மனைவிக்கு அது கிடையாது. ஒவ்வொரு தடவையும் டிராம் டிக்கெட்டுக்குக் காசு என்பதாலேயே பல பெண்கள் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், ரயிலில் போக டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒரு மாதப் பாஸ் உண்டு, 2026-ல் மாதம் 63 யூரோ. கனமான தொகைதான், ஆனால் அது கையில் இருந்தால் டிராமும் ஏறலாம், ஆர்.இ.1 ரயிலில் பெர்லினுக்கும் போய்வரலாம். அங்கே நம் ஈழத்துச் சனங்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. பக்திக்காக மட்டும் சொல்லவில்லை, வாய் நிறையத் தமிழ் பேசலாம், வேலை பற்றித் தகவலும் காதில் விழும். இப்போது உங்களுக்கு அம்மா, அக்கா, ஆபீஸ் தோழி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் அந்த ஒரு மனிதர்தான். ராத்திரி களைத்து வருகிறவரால் இத்தனை பேராகவும் இருக்க முடியாது, அவர் முகம் வாடியிருந்தால் உங்களுக்கு அன்றைய நாளே போய்விடுகிறது.

டிசம்பரில் அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில் எடுக்கும் எந்த முடிவையும் வெயில் வரும்வரை தள்ளிப்போடுங்கள், ஊருக்குத் திரும்பும் முடிவு உட்பட. அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். என்றாவது அது மாறி, கை நீட்டினாலோ ஆவணங்களைப் பிடுங்கி வைத்தாலோ 116 016 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, ஆங்கிலத்திலும் பேசலாம்.

மாமியாருக்கு வருவோம். குளிர்காலத்தில் அவருக்குக் காலை 9 மணி என்றால் உங்களுக்கு விடிகாலை 4.30. தினமும் போன் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், மகனும் வீட்டில் இருக்கும் நேரத்தில், ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். "சும்மாதானே இருக்கே?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், மகனே சொல்லட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.