மீதமுள்ள கருக்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

பெருந்துறை சகோதரிக்கு, செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையில் மீந்து, உறைய வைத்த உங்கள் கருக்களை ஸ்டெம் செல் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சிக்குத் தருவது பாவம் என்கிறார் மாமியார். மருத்துவமனையோ கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

இன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லைங்க. 2021-ஆம் ஆண்டு இந்தியச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருக்களை 10 ஆண்டு வரை வைத்திருக்கலாம். கருவை விற்கத் தடை. ஆராய்ச்சிக்குத் தர உங்கள் சம்மதம் கட்டாயம்.

ஆனால் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும்போது அந்த ஐந்தாறு நாள் கரு அழிந்துவிடும். மாமியாரிடம் இதை மறைக்காதீர்கள். அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளவும் வேண்டாம். 2001-இல் அமெரிக்காவில் அதிபர் புஷ் இந்த ஆராய்ச்சிக்கான அரசு நிதியைக் கட்டுப்படுத்தியதும் இதே கேள்வியால்தான். 2009-இல் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

கோபியில் நாங்களும் இப்படித் தவித்துத்தான் கொடுத்தோம். மனைவி இரண்டு நாள் அழுதாள். எந்த ஆய்வு, நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.